வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று சொல்லுமுன்: தோட்ட நலவாழ்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செம்பனைத் தோட்ட நிர்வாகத்தின் நலவாழ்வுக் குழுவினருக்கு,

"உடல் பருமன் வாய்க்கட்டுப்பாடு இல்லாததால் வருவது" என்று உங்கள் சுற்றறிக்கை தொடங்குகிறது. பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்தே கிளைத்திருக்கின்றன. மாதத்தின் முதல் திங்களன்று காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும்போது, எல்லாருக்கும் எடை பார்க்கப்படும். பருமன் பட்டியலில் உள்ளவர் 2 கிலோ குறைத்திருக்காவிட்டால் அந்த மாத ஊக்கத்தொகை கிடையாது. பெயரும் எடையும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். கேண்டீனில் செம்பனை எண்ணெய்க்குப் பதில் இனி சோயா எண்ணெய். முதல் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. அதே மாதத்தில்தான் ஆலையில் ஷிப்ட் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாறும் என்ற புதிய முறையும் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதை எழுதும் நாங்கள் இந்த வட்டாரத்தில் மருந்தகப் பணியிலும் உணவியலிலும் உயிரியல் கற்பிப்பதிலும் இருப்பவர்கள். பருமன் குறைய வேண்டும் என்பதில் உங்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வின்படி 2019-இல் நாட்டின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். 2023-இல் அது 54.4 ஆகிவிட்டது. நீரிழிவு நம் இந்தியர்களிடம்தான் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே திட்டமே வேண்டாம் என்று கேட்கவில்லை. இந்தத் திட்டம் வேண்டாம் என்கிறோம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கொழுப்புத் திசுவை, மிஞ்சிய சோற்றைக் கட்டிப்போட்டு வைக்கும் சாக்கு மூட்டையாக நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அது ஹார்மோன் சுரக்கும் உறுப்பு. பசியை அடக்கும் லெப்டின், இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிப்போனெக்டின் போன்றவற்றை இரத்தத்தில் விடுகிறது. மூளையும் குடலும் கணையமும் அனுப்பும் செய்திகளுக்கு ஏற்பக் கொழுப்பைச் சேர்க்கிறது, அல்லது கரைக்கிறது. இந்தச் செய்திப் போக்குவரத்தில் பெரும்பங்கு எண்டோகன்னபினாய்டு அமைப்புக்கு உண்டு.

கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி-யின் வேதியமைப்பு 1964-இல் தெரிந்தது. அது உடலில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தேடியபோது 1990-இல் சிபி1 என்ற ஏற்பியின், அதாவது உயிரணு செய்தி வாங்கும் வாசலின், மரபணு கிடைத்தது. கஞ்சாவுக்காக உடல் ஏற்பி வைத்திருக்க முடியாதே, அங்கே ஒட்டும் பொருளை உடலே செய்கிறதா என்று அடுத்துத் தேடினார்கள். 1992-இல் ஆனந்தமைடும் 1995-இல் 2-ஏஜி என்ற இன்னொன்றும் கண்டறியப்பட்டன. உடலே செய்யும் இவைதான் எண்டோகன்னபினாய்டுகள். இரண்டையும் உயிரணு முன்கூட்டியே செய்து அடுக்கிவைப்பதில்லை. தேவைப்படும் நேரத்தில் தன் சவ்விலுள்ள கொழுப்பை வெட்டி எடுத்துச் செய்கிறது. வேலை முடிந்ததும் நொதிகள் சிதைத்துவிடுகின்றன. ஆனந்தமைடைச் சிதைப்பது ஒரு நொதி, 2-ஏஜியைப் பெரும்பாலும் சிதைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் மூலப்பொருள் அராக்கிடோனிக் அமிலம். ஒமேகா-6 வகையைச் சேர்ந்த இந்த அமிலத்தை, சமையல் எண்ணெயிலுள்ள லினோலெயிக் அமிலத்திலிருந்து உடல் செய்துகொள்ள முடியும். கேண்டீன் எண்ணெய் பற்றிப் பேசும்போது இந்த இடத்துக்குத் திரும்பி வருகிறோம்.

சிபி1 மூளையில் மட்டுமே பசிக்கு வேலை செய்கிறது என்றுதான் முதலில் எண்ணினார்கள். 2003 வாக்கில் அது கொழுப்பு உயிரணுவிலேயே இருப்பது தெரியவந்தது. பிறகு கல்லீரல், தசை, கணையம் என்று பட்டியல் நீண்டது. கொழுப்பு உயிரணுவில் இந்த ஏற்பி தூண்டப்பட்டால் நடப்பது இது. உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் குறைகிறது. அதனால் சேமித்த கொழுப்பை உடைத்து வெளியே அனுப்பும் வேலை மந்தமாகிறது. இரத்தத்தில் போகும் கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதி சுறுசுறுப்பாகிறது. சர்க்கரையும் கூடுதலாக உள்ளே வந்து கொழுப்பாக மாறுகிறது. புதிய மைட்டோகாண்ட்ரியா உருவாவது குறைவதால், வெள்ளைக் கொழுப்பு ஆற்றலை எரிக்கும் பழுப்பு வகையின் குணம் பெறுவதும் தடைப்படுகிறது. அடிப்போனெக்டின் சுரப்பு சரிகிறது; அது சரிந்தால் கல்லீரலும் தசையும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சுருக்கமாக, சேர், விடாதே, எரிக்காதே என்ற மூன்று கட்டளைகளும் ஒரே வாசலில் நுழைகின்றன.

சிபி1 இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்தும் அவை பருக்கவில்லை. அவை குறைவாகத் தின்றிருக்கும் என்று உங்கள் சுற்றறிக்கை எழுதியவர் சொல்லக்கூடும். மூளையைத் தொடாமல் கொழுப்பு உயிரணுவிலிருந்து மட்டும் சிபி1-ஐ நீக்கிப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அந்த எலிகளும் தீவனத்தால் வரும் பருமனிலிருந்து தப்பின. வாய்க்குக் கட்டுப்பாடு கற்பிக்காமலே திசுவின் போக்கு மாறியது.

வழக்கமாக இந்த அமைப்புக்கு இரண்டு கடிவாளங்கள் உண்டு. சாப்பிட்டதும் ஏறும் இன்சுலின், கொழுப்பு உயிரணுவில் எண்டோகன்னபினாய்டுகளைக் குறைக்கிறது. லெப்டின், மூளையின் பசி மையமான ஹைப்போதலாமசில் அவற்றைக் குறைக்கிறது. வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து இன்சுலினுக்கும் லெப்டினுக்கும் உடல் மசியாமல் போகும்போது இரண்டு கடிவாளங்களும் தளர்கின்றன. வயிற்றுப் பருமன் உள்ளவர்களின் இரத்தத்தில் 2-ஏஜி கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தோலுக்கடியில் உள்ள கொழுப்பைவிட, குடலைச் சுற்றியுள்ள உட்கொழுப்போடுதான் அந்த அளவு நெருக்கமாக ஒத்துப்போகிறது. பருமனால் 2-ஏஜி கூடுகிறது, கூடிய 2-ஏஜி பருமனைக் காக்கிறது. மனிதரில் எது முதலில் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் இந்தச் சுழலுக்குள் அகப்பட்டவரிடம் போய் "வாயைக் கட்டு" என்பது வைத்தியம் ஆகாது என்று சொல்ல அந்தக் கேள்விக்கு விடை தேவையில்லை.

இனி உங்கள் 2 கிலோவுக்கு வருவோம்.

150 சென்டிமீட்டர் உயரமுள்ள, உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு பெண் 62 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி உடல் நிறைக் குறியீடு 27.5-ஐத் தொட்டால் பருமன். இவருக்கு அது 27.6. பட்டியலில் சேர்கிறார். சுற்றறிக்கையில் மாதம் 2 கிலோ என்று இருக்கிறதே தவிர, எதுவரை என்று இல்லை. சொன்னபடி ஓராண்டு குறைத்தால் அவர் 38 கிலோவில் வந்து நிற்பார். குறியீடு 16.9. அது எலும்பும் தோலுமாகப் படுக்கும் நிலை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அலுவலகக் கணக்கரான கிராணிக்கு ஐந்து நிமிடம் போதுமே!

இன்னொரு கணக்கு. 168 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 84 சென்டிமீட்டர்: நாள் முழுதும் நீண்ட கம்பு அரிவாளோடு குலை வெட்டுகிறவர். குறியீடு 27.6, ஆகவே பட்டியலில் இருக்கிறார். அதே உயரம், 68 கிலோ, இடுப்பு 96: லாரி ஓட்டுநர். குறியீடு 24.1, பட்டியலில் இல்லை. வெட்டுகிறவரின் எடையில் தசை இருக்கிறது. ஓட்டுநரின் வயிற்றுக்குள்தான் மேலே சொன்ன சுழல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்பு வரம்பு நம் வழிகாட்டியிலேயே உண்டு. நீங்கள் பிடித்தது தவறான ஆளை, விட்டதும் தவறான ஆளை.

எடை குறையக் குறைய லெப்டின் இறங்கும். லெப்டின் இறங்கினால் மூளையில் எண்டோகன்னபினாய்டுகளின் கை ஓங்கும், பசி கூடும். லெப்டின் இல்லாத எலிகளின் ஹைப்போதலாமசில் இவை உயர்ந்திருப்பதும், லெப்டின் கொடுத்ததும் இறங்குவதும் 2001-இலேயே காட்டப்பட்டன. முதல் மாதம் குறைத்தவருக்கு மூன்றாம் மாதம் எடை நின்றுபோவதற்கும், பழையபடி ஏறுவதற்கும் இது ஒரு காரணம். அவர் உங்களை ஏமாற்றவில்லை. கனடாவின் கியூபெக்கில் வயிற்றுப் பருமன் உள்ள ஆண்களை உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். உட்கொழுப்பு குறைந்தது, 2-ஏஜி வெகுவாக இறங்கியது. அதற்கு ஓராண்டு பிடித்தது, கூடவே உணவியலாளரும் பயிற்சியாளரும் இருந்தார்கள். நீங்கள் தருவது முப்பது நாளும் ஒரு பலகையும்.

அந்தப் பலகை செய்த வேலையையும் சொல்லிவிடுகிறோம். முதல் எடைநாளுக்கு முந்தைய இரவு பட்டினி கிடந்து, காலையில் ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காமல் பெரட்டுக்கு வந்தவர்கள் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குடிக்காமல் இருந்தால் எடை குறையும், கொழுப்பில் ஒரு கிராம்கூடக் குறையாது. அப்படியே வயலுக்குப் போய் வெயிலில் குலை வெட்டினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போகலாம். மயக்கம், வெப்பத் தாக்கு, சிறுநீரகப் பாதிப்பு என்று அது போகும் வழி நமக்குத் தெரிந்ததே. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவரும் கிளிக்லசைடு மாத்திரை எடுக்கிறவரும் பசியாறாமல் வந்தால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்கும், கண் இருட்டும். தலைக்கு மேலே 15, 20 கிலோ குலை தொங்கும் இடத்தில் அது நடக்கக்கூடாது. தவிரவும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் வேண்டிய தரவாக வைத்து, அதைக் கையாளச் சம்பந்தப்பட்டவரின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்கிறது. பலகையில் ஒட்டுமுன் யாரிடமும் ஒப்புதல் கேட்கப்படவில்லை.

அடுத்தது ஷிப்ட். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். உச்சக் காய்ப்பில் ஆலை இரவிலும் ஓடியே ஆக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாதது அல்ல. கேள்வி, எப்படி ஓடுவது என்பதுதான். இப்போதைய முறையில் இரவு, மாலை, காலை என்று பின்னோக்கிச் சுற்றுகிறது. மாலை ஷிப்ட் இரவு 11 மணிக்கு முடிந்து, மறுநாள் காலை 7 மணிக்கே வருகிறவர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் ஐந்து மணி நேரத் தூக்கம் மிஞ்சினால் அதிகம்.

தூக்கத்துக்கும் இந்த அமைப்புக்கும் உள்ள தொடர்பைச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-இல் நேராகக் காட்டியது. ஆரோக்கியமான 14 இளையோரை ஒரு சுற்றில் நான்கு இரவு 8.5 மணி நேரமும், இன்னொரு சுற்றில் நான்கு இரவு 4.5 மணி நேரமும் படுக்கையில் இருக்கவிட்டார்கள். 2-ஏஜி இயல்பாகவே இரவில் தாழ்ந்து பிற்பகலில் உச்சம் தொடும். தூக்கம் குறைந்தபோது அந்த உச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது, மாலை தாண்டியும் இறங்கவில்லை. வயிறாரச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகாதவர்கள் முன்னால் நொறுக்குத்தீனியை வைத்தால் கை நீண்டது. ஆள் சிலரே, நாளும் சிலவே. இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஆலைக் கதவுக்கு எதிரே உள்ள கடையில் மாலை நான்கு மணிக்கு மீ கோரெங் என்ற பொரித்த நூடுல்சுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் புதிதாக இருக்காது. நான்கு நாளில் ஆய்வுக்கூடத்தில் நடந்ததை நீங்கள் ஆண்டு முழுக்க நடத்துகிறீர்கள். பிறகு மாத முதல் திங்களன்று தராசைக் கொண்டுவருகிறீர்கள்.

கேண்டீன் எண்ணெய் மாற்றம் நல்லெண்ணத்தில் செய்தது என்றே நம்புகிறோம். செம்பனைத் தோட்டத்தில் செம்பனை எண்ணெயை விலக்கிவைக்கும் கூத்தைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லப்போவதில்லை. விவரத்தை மட்டும் பார்ப்போம். சமையலுக்கு வரும் செம்பனை எண்ணெயில் லினோலெயிக் அமிலம் 10 முதல் 12 விழுக்காடு. சோயாவில் பாதிக்கு மேல். சுண்டெலிகளின் உணவில் லினோலெயிக் அமிலத்தை மொத்த ஆற்றலில் 1 விழுக்காட்டிலிருந்து 8 ஆக உயர்த்திய ஒரு 2012 ஆய்வில் கல்லீரலில் 2-ஏஜியும் ஆனந்தமைடும் ஏறின, உடல் கொழுப்பும் கூடியது. மீன் எண்ணெய் வகைக் கொழுப்பை 1 விழுக்காடு சேர்த்ததும் அந்த ஏற்றம் திரும்பி இறங்கியது. மூலப்பொருள் கூடினால் சரக்கும் கூடும், ஒமேகா-3 அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் சரக்கு குறையும் என்ற தர்க்கம்தான்.

இதைக் காட்டி "செம்பனை எண்ணெய் இளைக்கவைக்கும், சோயா பருக்கவைக்கும்" என்று யாராவது வாட்சப்பில் கிளப்பினால் அதையும் மறுப்போம். எலியில் கண்டது எலிக்கு. செம்பனை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும். சோயா அந்த வகையில் மேல். எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டி 14 கிராம், ஏறத்தாழ 120 கலோரி. தவறு எண்ணெயின் பெயரில் இல்லை, அளவிலும் சூட்டிலும் இருக்கிறது. கேண்டீன் வாணலியில் நேற்றைய எண்ணெயின் தலையில் இன்றைய எண்ணெய் ஊற்றப்படுகிறது. பலபடி நிறைவுறாத கொழுப்பு மிகுந்த சோயா, செம்பனையைவிட வேகமாகக் கெடும். நுரை அடங்காமல் நிற்கும், சீக்கிரமே புகையும், கரண்டியில் பிசுபிசுக்கும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலே கொட்ட வேண்டும். சமையல் பழக்கத்தை மாற்றாமல் டின்னை மட்டும் மாற்றியதால் நிலைமை முன்பைவிட மோசம்.

பொரித்ததன் மேல் உள்ள ஆசைக்கும் இங்கே ஒரு வேர் இருக்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2011-இல் எலிகளுக்குக் கொழுப்பைச் சுவைக்க மட்டும் கொடுத்து, விழுங்கியது வயிற்றில் தங்காமல் வெளியேறும்படி செய்து பார்த்தார்கள். கொழுப்பு நாக்கில் பட்டதுமே சிறுகுடலில் எண்டோகன்னபினாய்டுகள் ஏறின. சர்க்கரைக்கும் புரதத்துக்கும் அப்படி ஏறவில்லை. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்த விளைவு மறைந்தது. இரவு இரண்டு மணிக்குக் கேண்டீனில் கிடைப்பது பொரித்த மீயும், பொரித்த கோழியும், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் தேநீரும் மட்டும்தான். அந்தக் கெட்டிப்பாலில் ஏறத்தாழ பாதி சீனி. மூன்று மேசைக்கரண்டி ஊற்றினால் ஒரு கிளாசில் 30 கிராம் சீனி உள்ளே போகிறது. கட்டுப்பாடு யாருடைய கையில் இருக்கிறது, உண்கிறவர் கையிலா, குத்தகை கொடுத்தவர் கையிலா?

கடைசியாக, உங்கள் சுகாதார நாளில் மேசை போட இடம் கொடுத்தீர்களே, அந்தச் சொட்டு மருந்து வியாபாரி. "எண்டோகன்னபினாய்டைச் சமன்படுத்தி வயிற்றைக் கரைக்கும் ஹெம்ப் எண்ணெய்" என்று பதாகை வைத்திருந்தார். ஹெம்ப் என்பது கஞ்சா இனச் செடிதான். இந்த அறிவியல் ஊருக்குள் முதலில் நுழைந்தது அந்தப் பதாகை வழியாகத்தான் என்பது எங்களுக்கு வருத்தம். டிஎச்சி சிபி1-ஐத் தூண்டுவது, பசியைக் கூட்டுவது. கஞ்சா புகைப்பவர்கள் சராசரியாக ஒல்லியாக இருப்பதாகச் சில கணக்கெடுப்புகள் சொல்வது உண்மை. ஓயாத தூண்டலில் ஏற்பி சலித்துப்போவது காரணமாக இருக்கலாம். அதனால் அது மருந்தாகிவிடாது. நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் இதில் விளையாட விடாது. குப்பியில் கஞ்சாப் பொருள் இருந்தால் மாட்டுபவர் வாங்கிய தொழிலாளிதான். ஹெம்ப் விதையைப் பிழிந்த வெறும் எண்ணெயாக இருந்தாலோ, அதில் கன்னபினாய்டு இல்லாத அளவுக்குக் குறைவு, பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம்.

சிபி1-ஐ அடைக்கும் மருந்து ஏற்கெனவே வந்து போய்விட்டது. ரிமோனபாண்ட், நாளுக்கு 20 மில்லிகிராம். ஐரோப்பிய ஆய்வில் ஓராண்டில் சராசரியாக 6.6 கிலோ குறைந்தது, போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 1.8. அடிப்போனெக்டின்கூட ஏறியது. ஐரோப்பா 2006-இல் அனுமதித்தது. ஆனால் மருந்து மூளைக்குள்ளும் போய் அங்குள்ள சிபி1-ஐயும் அடைத்தது. மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம். அமெரிக்க ஆலோசனைக் குழு 2007-இல் வேண்டாம் என்றது, ஐரோப்பா 2008 அக்டோபரில் நிறுத்தியது. மூளைக்குள் அதிகம் போகாதபடி செய்த மொன்லுனபாண்ட், 2024-இல் வெளியான முடிவில் 16 வாரத்தில் 10 மில்லிகிராமுக்கு 7.1 கிலோ குறைத்தது, போலி மாத்திரைக்கு 0.7. அதிலும் மருந்தளவு கூடக்கூட மனநிலைத் தொல்லைகள் கூடின. உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களே இன்னும் தடுமாறும் இடத்தில், மடக்கு மேசை போட்டுச் சொட்டு விற்பவருக்கு விடை தெரிந்திருக்க வழியில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது.

பலகையில் ஒட்டியுள்ள பட்டியலை இன்றே எடுத்துவிடுங்கள். ஊக்கத்தொகையை எடையோடு முடிச்சுப்போட்ட விதியை ரத்து செய்யுங்கள். முதல் மாதம் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். இது பேரம் பேசும் விஷயம் அல்ல.

பெரட்டுக்களத்தில் எடை பார்ப்பதை நிறுத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோட்ட மருந்தகத்தில், திரைக்குள், விரும்பியவர்களுக்கு மட்டும் இடுப்பை அளக்கச் சொல்லுங்கள். அளக்கும் முறை முக்கியம். சட்டையைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்றி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும்போது படிக்க வேண்டும். தோலை அழுத்தக்கூடாது. இரண்டு முறை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும். தொப்புளை அடையாளமாக வைக்காதீர்கள், வயிறு தொங்கினால் தொப்புளும் இறங்கும். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் தானாக விட்டுவிடுவார். வரம்பைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் பார்க்க ஊதியத்தோடு அரைநாள் விடுப்பு வேண்டும். எடை கூட்டும் மருந்து எடுக்கிறவர்களையும் கர்ப்பிணிகளையும் தோட்ட மருந்தகத்தைக் கவனிக்கும் டிரெசர் தனியாகக் குறித்துவைக்கட்டும்.

ஷிப்ட் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்றட்டும். ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே குறைந்தது 11 மணி நேரம் இருக்க வேண்டும். ஓவர்டைம் அந்த இடைவெளியைத் தின்னக்கூடாது. இரவு ஷிப்ட் முடித்தவரை அன்று பகலில் கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் கூப்பிடாதீர்கள்.

கேண்டீன் குத்தகையில் இவற்றை எழுதிச் சேருங்கள்: எண்ணெய் தினமும் வடிகட்டப்படும், பழையதன் மேல் புதியது ஊற்றப்படாது, சூடு 180 டிகிரியைத் தாண்டாது. இரவு உணவில் பொரிக்காத ஒன்றாவது இருக்கும்: இட்லி, அவித்த முட்டை, கடலைச் சுண்டல், கெம்போங் மீன் குழம்பு, எதுவானாலும் சரி. வாரம் இரண்டு நாளாவது கெம்போங்கோ மத்தியோ. டின் சார்டினும் போதும். சீனி போடாத தே ஓ என்ற பாலில்லாத் தேநீர் எந்நேரமும் கிடைக்க வேண்டும், அதற்குத் தே தாரிக்கைவிடக் கூடுதல் காசு வாங்கக்கூடாது. எண்ணெய் எந்த வகை என்பதைக் குத்தகைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

தோட்ட வளாகத்தில் இளைக்கவைக்கும் சொட்டு, காப்பி, மாத்திரை எதையும் விற்க அனுமதிக்காதீர்கள். மருந்து என்று விற்கப்படும் எதற்கும் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இளைக்கவைக்கும் காப்பியில், இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற இளைப்பு மருந்து கலந்திருப்பது இன்றும் பிடிபடுகிறது. சுகாதார நாளில் அந்தச் சொட்டை வாங்கியவர்களை மருந்தகத்துக்கு வரச்சொல்லி, குப்பியை ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். யார் வாங்கினார் என்று பெயர் கேட்காதீர்கள்.

சுற்றறிக்கையின் முதல் வரியைத் திரும்பப் பெற்று, திருத்திய சுற்றறிக்கையைத் தமிழிலும் மலாயிலும் வங்காள மொழியிலும் அடுத்த எடைநாளுக்கு முன் வெளியிடுங்கள். எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இந்த மடலை அப்படியே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் அனுப்புவோம்.

இப்படிக்கு,
தோட்டத்தையும் ஆலையையும் சுற்றி வாழ்ந்து, சுகாதாரத்திலும் கல்வியிலும் பணிபுரியும் சிலர்